தறியில் உட்காராத நாளிலும் மரத்துப்போனால்

அந்த அமாவாசையன்று நடந்தவை, வரிசையாக:

1. கோவிந்தம்மாள் தன் இடுப்பு வலிக்காகக் காலையில் ஆஸ்பத்திரியில் நம் அறைக்கு வந்தார். அவருடைய கணவர் கன்னியப்பனும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

2. கணவருக்குக் கால் வலி நின்றுவிட்டது என்று கோவிந்தம்மாள் சந்தோஷமாகச் சொன்னார்.

3. நான் சில கேள்விகள் கேட்டேன். பதில்கள் எனக்குப் பிடிக்கவில்லை.

4. சூட்டு விளக்கை அணைத்துவிட்டு, அவருடன் ரிக்‌ஷாவில் சின்ன காஞ்சிபுரம் போனேன்.

5. கன்னியப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பெரிய டாக்டர் வெளியூரில் இருந்தார். சின்ன டாக்டர் மட்டும் இருந்தார்.

6. சின்ன டாக்டர் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார். கன்னியப்பன் முகம் தெளிந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

7. போகக் கூடாது என்று நான் சொன்னேன்.

அடுத்த மாதம் இந்த அறையின் பொறுப்பை ஏற்க வரும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் திருச்சிக்குப் போகிறேன். இயந்திரங்களைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை, அதெல்லாம் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். பலகையில் பிசியோதெரபி என்று எழுதியிருந்தாலும் இந்த ஊரில் இதற்குப் பெயர் கரண்டு ரூம். நீங்கள் கரண்டம்மா. திருத்தப் பார்க்காதீர்கள். நான் முதல் ஆண்டு முழுக்கத் திருத்திப் பார்த்தேன், யாரும் மாறவில்லை.

நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள். தரையில் வெட்டிய குழியில் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் உள்ள பலகையில் உட்கார்ந்து, காலடியில் மிதிகட்டைகளை மிதித்துக்கொண்டே நெய்கிறார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக உள்ள புடவை என்றால் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும், கரை நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ளிவிட. பெரும்பாலும் அது மனைவி. ஆகவே ஒரே பலகையில் கணவனும் மனைவியும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அமாவாசையன்று யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு என்பதால் நமக்கு அன்றுதான் கூட்டம். அன்றைக்கு விடுப்புக் கேட்காதீர்கள்.

கன்னியப்பனும் கோவிந்தம்மாளும் முதல் முறை வந்ததும் ஓர் அமாவாசையில்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வலிதாம்மா," என்றார் கோவிந்தம்மாள். "ஒரே பலகைல குந்தறோம், ஒரே குழில கால வெக்கிறோம். வேற வேறயா வருமா?"

"அவளுக்கு வலிச்சா எனக்கும் வலிக்கும்மா. அவ்ளோ பாசம்," என்றார் கன்னியப்பன்.

"ஆமா, பாசம் வழிஞ்சி ஓடுது. நேத்து வெந்நீர் வெச்சிக் குடுன்னு கேட்டதுக்கு இன்னா சொன்னன்னு சொல்லட்டுமா?"

"கரண்டம்மா முன்னாடி வாணாம், வுடு."

இருவரையும் ஒரே கேள்வி கேட்டேன். எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னேன். கோவிந்தம்மாள் உள்ளங்கையை இடுப்பில் அகலமாக வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக் காட்டினார். கன்னியப்பன் ஒரு விரலை நீட்டினார். வலது புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்புறமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, பெருவிரல் வரைக்கும் ஒரு கோடு போட்டார். வழியில் எங்கும் தயங்கவில்லை.

உள்ளங்கையால் காட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதுகு வலி. விரலால் கோடு போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சயாடிகா, கால் நரம்பு அழுந்தி வரும் வலி. இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆனால் இதிலிருந்து ஆரம்பியுங்கள். வார்த்தையை நம்ப வேண்டாம். எல்லோரும் 'இடுப்பு புடிச்சிக்கிச்சி' என்றுதான் சொல்வார்கள்.

பிறகு இருமச் சொன்னேன். கோவிந்தம்மாளுக்கு இருமினால் இடுப்பு கொஞ்சம் வலித்தது. கன்னியப்பனுக்கு இருமல் காலுக்குப் போனது. படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினேன். கோவிந்தம்மாளின் கால் நன்றாகவே மேலே வந்தது. இடுப்பு இழுக்கிறது என்று மட்டும் சொன்னார். கன்னியப்பனின் வலது கால் பாதி உயரம்கூட வரவில்லை. "போதும் தாயி, போதும்," என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். வலி வந்தது முழங்காலுக்குக் கீழே. பாதத்தின் மேல்புறம் ஓரிடத்தில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை. பெருவிரலை என் விரலுக்கு எதிராகத் தூக்கச் சொன்னால் வலதுபக்கம் இடதைவிட பலம் குறைவு.

ஆக, ஒரே பலகையில் உட்கார்ந்த இருவருக்கும் இரண்டு வேறு நோய்கள்.

கோவிந்தம்மாளுக்குச் சொன்னவை: ஓரிரு நாள் மட்டும் ஓய்வு, அதற்கு மேல் படுக்கக் கூடாது. சூடு. பிறகு நடை. மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி. தறியில் உட்காரும்போது பலகையைச் சற்று உயர்த்திக்கொள்வது, அடிக்கடி குழியிலிருந்து ஏறி வந்து நிமிர்ந்து நிற்பது. முதுகு வலிக்காரரைப் பயமுறுத்திப் படுக்கையில் போட்டால் வலி படுக்கையிலேயே தங்கிவிடும்.

கன்னியப்பனுக்குச் சொன்னவை: கயிற்றுக் கட்டிலில் படுக்காமல் கெட்டியான பலகையில் படுப்பது. சில வாரங்களுக்குத் தறி வேண்டாம். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். யாரையும் எண்ணெய் தேய்த்து மிதிக்கவிட வேண்டாம். வாரம் இருமுறை நம்மிடம் வந்து இடுப்புக்கு எடை கட்டி இழுத்துக்கொள்வது. ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பெருவிரலைச் சோதிப்பேன். சயாடிகா பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் தானே தணியும். நம் வேலை அது தணிகிறதா, இல்லை வேறு எதுவோ ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

தறியில் பாதிப் புடவை இருந்தது. முகூர்த்தப் புடவை. அவர் பலகையில் படுத்தது நான்கைந்து நாள். அதற்குப் பிறகு தறியில் இறங்கிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எடை கட்டி இழுக்க மட்டும் ஒழுங்காக வந்தார்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோவிந்தம்மாள் காலையில் பாயில் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும்போது, பக்கத்தில், குனியவே கூடாத கன்னியப்பனும் அதையே செய்திருக்கிறார். தறியில் எல்லாம் சேர்ந்தே செய்து பழகியவர்கள், இதையும் சேர்ந்து செய்தார்கள். அதனால்தான் கன்னியப்பன் நிலைமை பிறகு மோசமானது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தம்பதியாக வருகிறவர்களில் ஒருவருக்குப் பயிற்சி சொல்லும்போது மற்றவரைப் பார்த்து, "இது உங்களுக்கு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

அமாவாசைக்கு வருவதற்கு முன், தாமல் கிராமத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார் என்று மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே வீட்டார். அவரால் புரளக்கூட முடியவில்லை. தொட்டால் கத்தினார். வாசலில் நின்ற நோயாளிகள் எல்லோரும் அவருக்கு வழிவிட்டார்கள். சோதித்தால் கால் இரண்டும் நல்ல பலம். மரத்த இடம் எதுவும் இல்லை. முதுகுத் தசை பலகை மாதிரி இறுகியிருந்தது, அவ்வளவுதான். சூடு கொடுத்து, கெட்டிப் படுக்கையில் போட்டு, இரண்டாம் நாளிலிருந்து எழுப்பி நடக்கவைத்தோம். வாரம் முடிவதற்குள் தானே பஸ் ஏறிப் போனார். அன்று அந்தக் கூச்சலைப் பார்த்தவர்கள் அவர்தான் ஆபத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். வலி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

இப்போது அந்த நாள்.

கோவிந்தம்மாள் குப்புறப் படுத்திருந்தார். விளக்கின் சூடு இடுப்பில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் இடமில்லை, சிலர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவர் எங்கே? இன்னைக்கு வரச் சொல்லியிருந்தேனே?"

"அத ஏம்மா கேக்கற. அதுக்கு வலி நின்னுபோச்சி! மூணு மாசமா முனகிக்கினே இருந்த மனுசன் நேத்து ராத்திரி அடிச்சிப் போட்ட மாரி தூங்குச்சி. பெருமாளுக்கு வேண்டிக்கினேன், அவரு கண்ணத் தொறந்துட்டாரு."

"இழுக்காம, ஒண்ணும் பண்ணாம திடீர்னு நின்னுபோச்சா?"

"ஆமாம்மா. இப்ப வலி இல்ல. மரத்துப்போயிருக்குது, அவ்ளோதான்."

"கால் மரத்துப்போயிருக்கா?"

அவர் தலையணைக்குள் சிரித்தார். "கால் கெடக்கட்டும், குந்தற எடந்தாம்மா. பலகைல குந்தறவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான். எனக்கு இல்லியா? சாயங்காலம் எய்ந்து நின்னா நம்ம ஒடம்பு நமக்கே தெரியாது."

இது உண்மைதான். தறிக்காரர்களிடம் உட்காரும் இடம் மரத்துப்போகிறதா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். கேட்டுக் கேட்டு நமக்கும் அது ஒரு செய்தியாகவே படாமல் போய்விடும். ஆனால் அன்று பெஞ்சு நிறைந்திருந்ததற்கு என்ன காரணமோ, அது எனக்கு அந்த நேரத்தில் உறைத்தது.

"இன்னைக்கு அமாவாசை ஆச்சே. அவர் தறியில உட்கார்ந்தாரா?"

"அமாவாசைல யாரு குந்துவா? நேத்து சாயங்காலம் ஏறுனதோட சரி."

"ராத்திரி பூரா படுத்திருந்து, இன்னும் மரத்தது போகலையா?"

"போவலன்னுதான் சொல்லிச்சி. வேட்டி கட்றப்ப துணி ஒடம்புல படறதே தெரியலன்னு சிரிச்சிச்சி."

"காலைல ஒண்ணுக்குப் போனாரா?"

கோவிந்தம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கரண்டம்மா இதையெல்லாம் கேட்பதில்லை. "போவலம்மா. தறிக்கிப் போறவங்க காலைல தண்ணி குடிக்க மாட்டோம். ஒவ்வொரு தரமும் குழிலேர்ந்து யாரு ஏறி ஏறி எறங்கறது? அடக்கிக்கினே இருப்போம். பழக்கந்தான்."

"இன்னைக்குத் தறி இல்லையே. இன்னைக்கும் தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சிச்சே. ரெண்டு சொம்பு குடிச்சிச்சி. கூழும் குடிச்சிச்சி." அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "போயி போயி நின்னுட்டு வருது. வரலன்னுது. ஏம்மா, இன்னாம்மா?"

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. முதுகெலும்புகளுக்கு இடையிலிருந்து விலகிய வட்டு ஒரு நரம்பை அழுத்தினால் சயாடிகா. கொத்து முழுவதையும் அழுத்தினால் வலி குறைந்துபோகவும் கூடும், ஏனென்றால் சொல்ல வேண்டிய நரம்பே ஊமையாகிவிடுகிறது. உட்காரும் இடம் மரக்கும். சிறுநீர் வராது. அப்போது மணிக்கணக்கில் முடிவு எடுக்க வேண்டும், வாரக்கணக்கில் அல்ல. நாள் கடந்தால் அந்த மனிதர் மீதி ஆயுள் முழுக்கக் குழாயோடு இருக்க நேரலாம். இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாதது ஒன்று: இந்த ஊரில் அந்த இரண்டு அறிகுறிகளுக்கும் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. மரத்துப்போனால் பலகை காரணம். சிறுநீர் வராவிட்டால் தண்ணீர் குடிக்காத பழக்கம். அமாவாசையன்று மட்டும் அந்தக் காரணம் செல்லாது.

வீட்டில் கன்னியப்பன் தறிக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்திருந்தார். நெய்த பகுதியின் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னாடி இது, கரண்ட வூட்டுக்கே இட்டாந்துட்ட? நம்ம வூட்ல கரண்டே இல்லியே, எதுல சொருவுவாங்க?"

"சும்மா இரு நீ," என்றார் கோவிந்தம்மாள்.

கால்களை மட்டும் பார்த்தேன். வலது பெருவிரல் மேலே எழவே இல்லை. போன வாரம் கொஞ்சமாவது எழுந்தது. இடது காலிலும் கெண்டைக்காலுக்குக் கீழே ஊசி குத்துவது போல இருக்கிறது என்றார். அதுவரை இடது கால் இந்தக் கதையிலேயே இல்லை. அடிவயிறு உப்பி இறுகியிருந்தது. உட்காரும் இடத்தை நான் சோதிக்கவில்லை. அவர் என்னைச் சோதிக்க விடவும் மாட்டார். அது டாக்டர் பார்க்க வேண்டியது.

அதற்குள் கன்னியப்பனின் அண்ணன் முனுசாமி அடுத்த வீட்டிலிருந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரி என்றதும் தலையாட்டினார், மெட்ராஸுக்கே போக வேண்டியிருக்கலாம் என்றதும் குரல் ஏறியது.

"மெட்ராசுல முதுகக் கிழிச்சி அனுப்புவாங்க. அப்பால தறில எவன் குந்தறது? நீ வந்து நெய்வியாம்மா?"

"எனக்கு நெய்யத் தெரியாதுங்க," என்றேன். "அவர் திரும்பத் தறியில உட்காருவாரான்னும் எனக்குத் தெரியாது. ஆனா அவர் தானா ஒண்ணுக்குப் போகணும்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். அது தெரியும்."

முனுசாமி தறியைக் காட்டினார். "பாதிப் பொடவை கெடக்குது. கல்யாணத்துக்குக் கேட்டுக்கினே இருக்கறாங்க."

கோவிந்தம்மாள்தான் பதில் சொன்னார். "பொடவை கெடந்தா கெடக்கட்டும் மாமா. பொடவைய அறுத்துப் போட்டுட்டு வேற பாவு கட்டிக்கலாம். இத அறுத்துப் போட்டுட்டு நான் எங்க போறது? நீ ஒரு பக்கம் புடி."

முனுசாமி பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் உடனே குழாய் வைத்தார். நிறைய வந்தது. கன்னியப்பன் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, சிரித்தார். "இவ்ளோதானா? இதுக்கா என்ன ஊர்வலம் மாரி இட்டாந்தீங்க?" முனுசாமியும் சிரித்தார். செவிலியரும் சிரித்தார். அந்த அறையில் எல்லோருக்கும் பாரம் இறங்கியது போலாகிவிட்டது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் இதுதான். நோயாளி நிம்மதி அடைந்தால் கூட இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நிம்மதி அடைந்துவிடுவார்கள். அந்த நிம்மதியைக் கெடுக்கிறவளை யாருக்கும் பிடிக்காது.

சின்ன டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். நல்லவர், என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர்.

"நீங்க சொல்றது புரியுது மிஸ். ஆனா பெரியவரைக் கேட்காம மெட்ராஸுக்கு அனுப்பினா நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது? அவர் நாளைக்கு வந்துடுவார். பாருங்க, வலி இல்லை. மூத்திரம் போயாச்சு. ஆளு ஜோக் அடிக்கிறார்."

"தானா போகலை சார். நீங்க எடுத்தீங்க."

நான் அவரோடு வாதாடவில்லை. வாதாடினால் அவருடைய அதிகாரத்தைக் கேள்வி கேட்பதாகிவிடும். பிறகு பேச்சு நோயாளியைப் பற்றி இருக்காது, எங்கள் இருவரைப் பற்றி ஆகிவிடும். அனுப்புகிற கையெழுத்து அவருடையது. ஆகவே இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டேன். ஒன்று, இரண்டு கணுக்கால்களிலும் ரப்பர் சுத்தியலால் தட்டி, பாதம் துள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டு, உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஊசியால் தொட்டு, தெரிகிறதா என்று அவரைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நாளை வரை காத்திருக்கலாம் என்று தோன்றினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன்.

அவர் திரைக்குப் பின்னால் போனார். நான் வெளியே நின்றேன். கோவிந்தம்மாள் என் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

"குத்தறது தெரியுதா?"

"குத்துங்க சார், சொல்றேன்."

"குத்திட்டேன்."

"எப்ப சார்?"

அவ்வளவுதான். சின்ன டாக்டர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "வண்டியைச் சொல்லுங்க," என்றார்.

ஒருவேளை நான் தவறாக இருந்திருந்தால்? அதையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசினேன். தவறாக இருந்தால் ஒரு நெசவாளர் வீணாக மெட்ராஸ் போய்வந்திருப்பார், புடவை தாமதமாகியிருக்கும், சின்ன டாக்டருக்குத் திட்டு விழுந்திருக்கும், சின்ன காஞ்சிபுரத்தில் கொஞ்ச நாள் யாரும் கரண்டு ரூமை நம்பியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. மறுபக்கத் தவறைச் சரிசெய்ய முடியாது. இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதைத் திரும்ப எடுக்க முடியாதோ அதைச் செய்யாதீர்கள். பதற்றமான நேரத்தில் எனக்கு இதைவிட நல்ல வழி எதுவும் கிடைத்ததில்லை.

ஆஸ்பத்திரி வண்டியில் நானும் போனேன். கன்னியப்பன் தூக்குக்கட்டிலில் படுத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் மெதுவாக, "கரண்டம்மா, நான் மிதிக்க முடியுமா அப்பால?" என்று கேட்டார்.

"தெரியலை."

"பொய்யாவாவது முடியும்னு சொல்லக் கூடாதா?"

"நாளைக்கு முடியலைன்னா நீங்க என்னைத்தான் கேப்பீங்க."

"அதுவும் செரிதான்," என்றார். கோவிந்தம்மாள் அவர் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு அது தெரிந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவில் நீண்ட கதை கேட்க யாருக்கும் நேரமிருக்காது. வலது காலில் மூன்று மாத சயாடிகா என்று தொடங்காதீர்கள். அதைக் கேட்டதும் வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவார்கள். மெட்ராஸில் நான் சொன்ன வரிசை: நேற்று மாலையிலிருந்து உட்காரும் இடம் இருபக்கமும் உணர்வில்லை. இன்று காலையிலிருந்து சிறுநீர் தானாக வரவில்லை. இடது காலும் இப்போது சேர்ந்துவிட்டது. பிறகுதான் மூன்று மாதம். கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அன்றே முதுகைத் திறந்தார்கள். விலகியிருந்த வட்டை எடுத்தார்கள்.

நரம்பு திரும்புமா என்று அறுவை செய்த டாக்டரைக் கேட்டபோது, "அழுத்தத்தை எடுத்துட்டோம். மிச்சம் நரம்போட இஷ்டம்," என்றார். நான் காஞ்சிபுரம் திரும்பிவிட்டேன். மறுநாள் பெரிய டாக்டர் கடிதத்தின் நகலைப் படித்துப் பார்த்துவிட்டு, சின்ன டாக்டரிடம் "சரி" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

சில வாரங்கள் எந்தச் செய்தியும் இல்லை. குழாயை எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை, மறுபடி வைத்தார்கள் என்று மட்டும் முனுசாமி வந்து சொன்னார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். இரண்டாம் முறை எடுத்தபோதும் அப்படியே. அந்த நாட்களில் வேலையில் கவனம் வைப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் சரியான முடிவை எடுத்த பிறகும் உடம்பு தன் முடிவைத் தனியாகத்தான் எடுக்கும்.

பிறகு ஒரு நாள் கூட்டம் நிறைந்த நேரத்தில் கோவிந்தம்மாள் பெஞ்சைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, நேராக அறைக்குள் வந்தார். கட்டிலில் ஓர் ஆசிரியர் படுத்திருந்தார்.

"கரண்டம்மா! தானா போச்சி!"

"எப்போ?"

"நேத்து காலைல! வார்டுல எல்லாரும் கைதட்னாங்க! எங்கூட்டுக்காரரு வெக்கத்துல போர்வைய இழுத்து மூஞ்ச மூடிக்கிச்சி!"

வெளியே பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. யாருக்கு என்ன போயிற்று என்று தெரியாமல் கட்டிலில் இருந்த ஆசிரியரும் சிரித்தார்.

இப்போது நிலைமை இதுதான். கன்னியப்பனுக்குச் சிறுநீர் தானாகப் போகிறது. வருவது தெரிகிறது, ஆனால் தொடங்கக் கொஞ்சம் நேரம் ஆகிறது. உட்காரும் இடத்தில் இடதுபக்கம் உணர்வு வந்துவிட்டது, வலதுபக்கம் பாதிதான். இடது கால் முழு பலம். வலது பெருவிரல் இன்னும் மேலே எழவில்லை, நடக்கும்போது பாதம் தரையில் தட்டுகிறது. மிதிகட்டையை அழுத்த அந்தக் கால் போதாது, ஆகவே அவர் குழியில் இறங்குவதில்லை. காலையில் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடும் வேலைக்குப் போகிறார். அது நின்றும் நடந்தும் செய்கிற வேலை. தறியில் அவருடைய இடத்தில் கோவிந்தம்மாள் உட்காருகிறார், கரை நாடாவுக்கு அவர் தங்கை. கோவிந்தம்மாளின் முதுகு நன்றாக இருக்கிறது. கன்னியப்பன் மாதம் ஒருமுறை வருவார், பெருவிரலைச் சோதியுங்கள். அதன் பலம் இனித் திரும்புமா என்று கேட்பார். எனக்குத் தெரியவில்லை என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.